டிசம்பர்ல ஹார்ன்பில் திருவிழாவுக்கு நாகாலாந்து போறீங்களா? இத படிச்சுட்டு டிக்கெட் போடுங்க

நாகாலாந்து போறேன்னு வீட்ல சொன்னா முதல்ல வர்ற கேள்வி "அங்கெல்லாம் போலாமா, பயமில்லையா"ங்கிறதுதான். தாராளமா போலாம். அதுவும் டிசம்பர் 1ல இருந்து 10 வரைக்கும் நடக்குற ஹார்ன்பில் திருவிழா சமயத்துல போனா ஊரே வெளியூர் ஆளுங்களுக்காக ரெடியா இருக்கும், தனியா போற பொண்ணுங்களையே நெறைய பேர அங்க பாக்கலாம். பிரச்சனை பாதுகாப்புல இல்ல, பிளான் போடுறதுலதான். நம்மாளுங்க கைல ஒரு வாரம் இருந்தா கோஹிமா, மோன், மொகோக்சுங், ஜூக்கோ, அப்படியே காசிரங்கானு ஒரே மூச்சுல எல்லாத்தையும் அடைச்சுடுவாங்க, கடைசில பாதி நாள் சுமோ வண்டிக்குள்ளயே குலுங்கிட்டு கெடக்க வேண்டியதுதான். அங்க மலை ரோட்ல 80 கிலோமீட்டர்ங்கிறது சில நேரம் நாலு மணி நேரம். அதனால நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான், கோஹிமா பக்கத்துல ஒரே கிராமத்துல தங்கிடுங்க, திருவிழாவ ரெண்டு நாள் நிதானமா பாருங்க, மிச்ச நாளுக்கு ஒண்ணு ரெண்டு ஊர மட்டும் சுத்துங்க. மோன் எல்லாம் தனி டிரிப்பு, அத கீழ சொல்றேன்.

முதல்ல இது என்ன திருவிழானு தெரிஞ்சுக்கோங்க. இது பழங்காலத்து பண்டிகை இல்ல. 2000ல மாநில அரசாங்கம் ஆரம்பிச்சது. டிசம்பர் 1 ஏன்னா 1963ல அன்னைக்குத்தான் நாகாலாந்து தனி மாநிலமாச்சு. அங்க அங்காமி, ஆவோ, கொன்யாக், சுமி, லோத்தா, சக்கேசாங், சாங், போம், ரெங்மா, சங்தம்னு பதினஞ்சுக்கும் மேல பழங்குடிகள், ஒவ்வொருத்தருக்கும் தனி மொழி, தனி பண்டிகை, தனி உடுப்பு. இவங்க எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டி வெச்சா எப்படி இருக்கும்னு யோசிச்சு பண்ணதுதான் இது. "டூரிஸ்ட்டுக்காக போட்ட நாடகம்பா"னு சில பேர் மூஞ்ச சுளிப்பாங்க, அதுலயும் கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா அங்க ஆடுறவங்க காசுக்கு கூப்ட்டு வந்த டான்ஸ் ட்ரூப் இல்ல, அந்தந்த கிராமத்துல இருந்து வர்ற ஆளுங்க, தாத்தா பாட்டில இருந்து ஸ்கூல் பசங்க வரைக்கும் இருப்பாங்க. பேரு வந்தது இருவாச்சி பறவையால. நாகா பாட்டு, கதை, தலைல வெக்கிற இறகுனு எல்லாத்துலயும் அது இருக்கு. ஆனா பறவைய நேர்ல காட்டுல பாக்கணும்னா நம்ம வால்பாறை பக்கம் போறதுதான் உத்தமம், வேட்டையாடி வேட்டையாடி அங்க அது ரொம்ப அரிதாயிடுச்சு.

பர்மிட் இல்லாம கெளம்பாதீங்க

நாகாலாந்துக்குள்ள போக இந்தியக் குடிமகனா இருந்தாலும் இன்னர் லைன் பர்மிட் வேணும், சுருக்கமா ஐஎல்பி. 1873ல பிரிட்டிஷ்காரன் போட்ட சட்டம், இன்னும் நடைமுறைல இருக்கு. முன்னாடி திமாப்பூருக்கு மட்டும் விலக்கு இருந்துச்சு, 2019 டிசம்பர்ல அதையும் உள்ள கொண்டு வந்துட்டாங்க, ஆனா பழைய பயணக் கட்டுரைகள்ல இன்னும் "திமாப்பூருக்கு தேவையில்ல"னுதான் இருக்கும், நம்பிடாதீங்க. மாநில அரசோட ஆன்லைன் போர்டல்ல போட்டோ, ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை, எங்க தங்கப் போறீங்கங்கிற விவரம் குடுத்து அப்ளை பண்ணலாம், கட்டணம் பெருசா ஒண்ணும் இல்ல. நவம்பர் கடைசி வாரத்துல கூட்டம் முண்டும், அதனால ரெண்டு மூணு வாரத்துக்கு முன்னாடியே போட்டு வெச்சுடுங்க. எந்தெந்த மாவட்டம் போறீங்களோ அதையெல்லாம் மறக்காம டிக் பண்ணுங்க, கோஹிமா மட்டும் போட்டுட்டு அப்புறம் மோன் போய் நின்னா செக்போஸ்ட்ல பேச்சு வாங்கணும். ரெண்டு பிரிண்ட் எடுத்து பைல வெச்சுக்கோங்க, போன்ல மட்டும் வெச்சிருந்தா சார்ஜ் இல்லாத நேரத்துலதான் கேப்பாங்க.

மலேசியா, சிங்கப்பூர், இலங்கை பாஸ்போர்ட் வெச்சிருக்குற நம்ம ஆளுங்களுக்கு இது வேற கதை. வெளிநாட்டுக்காரங்களுக்கு பாதுகாக்கப்பட்ட பகுதி அனுமதி வேணும்ங்கிற விதிய பல வருஷம் தளர்த்தி வெச்சிருந்தாங்க, 2024 டிசம்பர்ல நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் மூணுக்கும் மறுபடி கொண்டு வந்துட்டாங்க. அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே அனுமதிக்கு விண்ணப்பிச்சுடுங்க, கடைசி நேரத்துல பாத்துக்கலாம்ங்கிற வேலை ஆகாது.

போய் சேர்றது

கோஹிமாவுக்கு ரயிலும் இல்ல, விமானமும் இல்ல. ரெண்டுமே திமாப்பூர் வரைக்கும்தான். சென்னையில இருந்து ஃப்ளைட்னா கொல்கத்தா போய் மாறி திமாப்பூர் போலாம், இல்லாட்டி குவாஹாத்தி வரைக்கும் பறந்துட்டு அங்கேர்ந்து ரயில் புடிக்கலாம், அஞ்சு ஆறு மணி நேரம் ஆகும். திருவிழா சமயத்துல திமாப்பூர் ஃப்ளைட்டு விலை கையைக் கடிக்கும், அதனால எனக்கு குவாஹாத்தி வழிதான் புடிக்கும், ஒரு நாள் கூடுதலா ஆனாலும் பரவால்ல.

ரயில் பைத்தியமா இருந்தா இன்னொரு வழி இருக்கு. கன்னியாகுமரி - திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ், நாட்டுலயே அதிக தூரம் ஓடுற ரயில், 4,000 கிலோமீட்டருக்கும் மேல. கேரளாவ சுத்திட்டு கோயம்புத்தூர், ஈரோடு, சேலம்னு வந்து அப்படியே ஆந்திரா, ஒடிசா, வங்காளம் வழியா மேல ஏறும், திமாப்பூர்ல நிக்கும். தாம்பரத்துல இருந்து நியூ தின்சுகியா போற வாராந்திர வண்டியும் திமாப்பூர் வழிதான். மூணு நாள் ரயில்லயே குடித்தனம் நடத்தணும், லேட்டாகுறதும் சகஜம், அதனால இறங்குற அன்னைக்கே கோஹிமாவுல ஏதாவது நிகழ்ச்சி பாக்கணும்னு கணக்கு போடாதீங்க. பொறுமை இருக்குறவங்களுக்கு மட்டும்.

திமாப்பூர்ல இறங்குனா வெளியவே ஷேர் டாக்ஸி, சுமோ எல்லாம் நிக்கும். கோஹிமா சுமார் 74 கிலோமீட்டர். ரோட்ட நாலு வழியா அகலப்படுத்துற வேலை வருஷக்கணக்கா நடக்குது, நல்லா இருந்தா ரெண்டு மணி நேரம், மண்சரிவோ டிராஃபிக்கோ இருந்தா நாலு கூட ஆகும். சாயங்காலம் நாலரைக்கெல்லாம் அங்க சூரியன் மறைஞ்சுடும், இது ரொம்ப முக்கியம், நம்மூர் நெனப்புல ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும்னு இருந்தா மலைல இருட்டுல மாட்டிப்பீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள திமாப்பூர விட்டு கெளம்பிடணும், முடியலனா அங்கயே ராத்திரி தங்கிடுங்க. தங்குனா காலைல கச்சாரி இடிபாடுகள ஒரு எட்டு பாத்துட்டு வரலாம், அந்தக் காலத்து திமாசா ராஜாக்கள் வெச்ச கல்தூணுங்க, மேல குடை மாதிரி விரிஞ்ச தலையோட வரிசையா நிக்கும், எதுக்கு வெச்சாங்கங்கிறதுல இன்னும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எங்க தங்குறது

திருவிழா நடக்குற எடம் கோஹிமா டவுன் இல்ல, அங்கேர்ந்து இம்பால் போற ரோட்ல 12 கிலோமீட்டர் தள்ளி இருக்குற கிசாமா. நாகா பாரம்பரிய கிராமம்னு மலைச்சரிவுல கட்டி வெச்சிருக்காங்க. டவுன்ல ரூம் போட்டா தினமும் அந்த 12 கிலோமீட்டருக்கு டிராஃபிக்ல ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம்னு போயிடும், திரும்பி வர்றப்போ டாக்ஸிக்காரங்க கேக்குற ரேட்டுக்கு தலைய ஆட்டணும். அதுக்கு கிக்வேமா, ஃபேசாமா ரெண்டு கிராமத்துல எங்கயாவது ஹோம்ஸ்டே பாருங்க, கிசாமாவுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டியே இருக்கு, நடந்தே போலாம். ஆகஸ்ட் செப்டம்பர்லயே புக் பண்ணிடணும், நவம்பர்ல தேடுனா டென்ட்தான் கெடைக்கும், அதுவும் மூணு மடங்கு விலைல. டென்ட் மோசம் இல்ல, ஆனா கோஹிமா பக்கத்து டிசம்பர் ராத்திரி ஏழு எட்டு டிகிரிக்கு போகும். ஊரோட உயரம் நம்ம ஏற்காடு அளவுதான், ஆனா குளிர் ஏற்காடு மாதிரி இல்ல, எலும்புக்குள்ள போகும். ஹோம்ஸ்டேல ஒரு நல்லது என்னனா சமையக்கட்டுல அடுப்ப சுத்தி உக்காந்து பேசலாம், அந்த வீட்டு பாட்டி உங்க தட்டுல இன்னும் கொஞ்சம் சோறு அள்ளிப் போட்டுட்டே இருப்பாங்க. வீட்டுக்குள்ள ரூம் ஹீட்டர் எல்லாம் எதிர்பாக்காதீங்க, வெந்நீர் வாளில வரும்.

கிக்வேமாவுல தங்குனா ஊருக்குள்ள ஒரு நடை போங்க. 1944 ஏப்ரல்ல ஜப்பான் படை வந்து இறங்குன ஊர் அது, அவங்க தளபதி சாட்டோ தங்குன வீடு இதுனு இன்னைக்கும் காட்டுவாங்க.

திருவிழாவ எப்படி பாக்குறது

நடுவுல பெரிய மைதானம், சுத்தி படிக்கட்டு. காலைல பத்து மணி வாக்குல ஒரு நிகழ்ச்சி, மத்தியானம் ஒரு மணிக்கு மேல இன்னொண்ணு. ஒவ்வொரு பழங்குடியும் வந்து போர்ப்பாட்டு, அறுப்புப் பாட்டு, வெளையாட்டு, நெல்லு குத்துறதுனு அவங்கவங்க பங்கு நேரத்துல பண்ணிட்டு போவாங்க. பந்திக்கு முந்துற மாதிரி ஒம்பதரைக்கெல்லாம் போய் எடம் புடிச்சுடுங்க, பத்தே காலுக்கு வந்தீங்கனா முன்னாடி நிக்கிற லென்ஸுங்களோட முதுகதான் பாப்பீங்க. முதல் நாளும் கடைசி நாளும் விஐபி கூட்டம், பாதுகாப்பு, கெடுபிடி. சனி ஞாயிறு உள்ளூர் கூட்டம். டிசம்பர் 3ல இருந்து 8க்குள்ள வர்ற வார நாளுங்களா பாத்து ரெண்டு நாள் வெச்சுக்கிட்டா நிம்மதி.

ஆனா என்னைக் கேட்டா மைதானத்துல நடக்குறது பாதிதான். மிச்ச பாதி மொருங்கள்ல இருக்கு. மொருங்னா முன்னாடி காலத்துல ஊர்ப் பையனுங்க எல்லாரும் சேர்ந்து தங்கி, வேட்டை, சண்டை, பாட்டு, ஊர் வழக்கம் எல்லாம் கத்துக்கிட்ட பொது வீடு. கிசாமாவுல ஒவ்வொரு பழங்குடிக்கும் அவங்க பாணில ஒரு மொருங் கட்டி வெச்சிருக்காங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் ஆடுனவங்க எல்லாம் அங்கதான் போய் உக்காருவாங்க, நீங்களும் போலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. உள்ள போனா முதல்ல கண்ணு எரியும், மண் தரைல நடுவுல நெருப்பு எரியுது, மேல மூங்கில் பரண்ல பன்னிக்கறி துண்டுங்க கறுத்துப் போய் தொங்குது, அதுல இருந்து கொழுப்பு ஒரு சொட்டு நெருப்புல விழுந்தா "சுர்"ருனு ஒரு சத்தம். கொன்யாக் மொருங்ல வயசானவங்க சில பேருக்கு மூஞ்சி முழுக்க பச்சை குத்தியிருக்கும், கழுத்துல பித்தளைல செஞ்ச சின்ன சின்ன மனுஷத் தலைங்க கோத்த மாலை. அந்தக் காலத்துல எதிரியோட தலைய கொண்டு வந்தவங்களோட அடையாளம் அது, இப்ப அந்த தலைமுறை ஆளுங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான் மிச்சம். ஒருத்தர் பக்கத்துல உக்காந்துட்டு சும்மா நெருப்ப பாத்துட்டே இருந்தா அவரே மூங்கில் கப்ப நீட்டுவாரு. போட்டோ எடுக்கணும்னா கேட்டுட்டு எடுங்க, கேக்காம மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுறது அங்க ரொம்ப கோவப்படுத்துற விஷயம், வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க அவ்ளோதான்.

அந்த மூங்கில் கப்ல இருக்குறது ஜூத்தோ, அரிசில செய்யுற பீர். வெள்ளையா கஞ்சி மாதிரி, மேல அரிசி மிதக்கும், கொஞ்சம் புளிப்பு. வேடிக்கை என்னன்னா 1989ல போட்ட சட்டப்படி நாகாலாந்து முழு மதுவிலக்கு மாநிலம். ஹார்ன்பில்ல மட்டும் அரிசி பீர் தாராளமா ஓடும். டவுன்ல எங்கயாவது பிராண்டி பீர் கெடைக்குதுனு யாராவது காதுல சொன்னா ஒதுங்கிடுங்க, நமக்கு எதுக்கு வம்பு.

இது போக போட்டிங்க நடக்கும், நாகா மல்யுத்தம், எண்ணெய் தடவுன மூங்கில் கம்பத்துல ஏறுறது, ராஜா மிர்ச்சா தின்னுற போட்டி. கடைசில சொன்னதுல பேர் குடுக்கணும்னு யாருக்காவது வீரம் வந்தா ஒரு தடவைக்கு பத்து தடவை யோசிங்க, உலகத்துலயே காரமான மிளகாய்கள்ல ஒண்ணு அது, நம்ம குண்டு மிளகாய் பழக்கம் எல்லாம் அங்க செல்லாது. சாயங்காலத்துக்கு மேல ராக் கச்சேரி. நாகா பசங்களுக்கு சர்ச் கொயர்ல பாடியே வளர்ந்ததால சுருதி அப்படியே ஊறியிருக்கும், ஏதோ காலேஜ் பேண்டுனு நெனச்சு உக்காந்தா அசத்திடுவாங்க. டவுன்ல நைட் கார்னிவல்னு ரோட்ட மூடிட்டு சாப்பாட்டுக் கடை போடுவாங்க, ஒரு நாள் போதும்.

கிசாமா வளாகத்துக்குள்ளயே இரண்டாம் உலகப் போர் மியூசியம் ஒண்ணு இருக்கு, மத்தியான வெயில்ல மைதானத்துல உக்கார முடியாத நேரத்துக்கு வெச்சுக்கோங்க.

சாப்பாடு

அசைவம் சாப்புடுறவங்களுக்கு சொர்க்கம், சைவம்னா கொஞ்சம் முன்யோசனை வேணும். எண்ணெய், மசாலா ரெண்டுமே ரொம்ப கம்மி, எல்லாம் வேக வெக்கிறதும் புகை போடுறதும்தான். புகை போட்ட பன்னிக்கறிய மூங்கில் குருத்தோட செஞ்சது ஒரு தடவையாவது சாப்பிடணும். அக்குனினு ஒண்ணு உண்டு, சோயா பீன்ஸ வேக வெச்சு இலைல கட்டி அடுப்பு பக்கத்துல வெச்சு புளிக்க விடுறது, சுமிக்காரங்க ஸ்பெஷல். வாசனை நம்ம கருவாடு மாதிரி, புடிச்சவனுக்கு அமிர்தம் புடிக்காதவன் தெருவையே விட்டு ஓடுவான், முதல்ல பன்னிக்கறியோட சேர்த்து செஞ்சத கேட்டு சாப்பிடுங்க, தனி சட்னியா ஆரம்பிக்காதீங்க. ஆவோக்காரங்க சேம்பு இலைய புளிக்க வெச்சு காய வெச்சு அனிஷினு செய்வாங்க, கறுப்பா இருக்கும், பாத்து பயந்துடாதீங்க.

சைவத்துக்கு கல்ஹோ இருக்கு. அங்காமி வீட்டு சாப்பாடு, அரிசி, கீரை, காய் எல்லாத்தையும் ஒண்ணா குழைய வேக வெச்சது. ஆனா சாதாரணமா அதுல கறித்துண்டோ அக்குனியோ போட்டுடுவாங்க, "கறி வேணாம்"னு மட்டும் சொன்னா பத்தாது, பன்னிக் கொழுப்பு, காஞ்ச மீன் எதுவும் வேணாம்னு தனித்தனியா சொல்லணும். சௌசௌ அங்க எல்லா வீட்டு பின்னாடியும் காய்க்கும், வேக வெச்ச சௌசௌ, பருப்பு, சோறு, தக்காளி சட்னினு ஹோம்ஸ்டேல கேட்டா சந்தோஷமா செஞ்சு குடுப்பாங்க. கோஹிமாவுலயும் திமாப்பூர்லயும் மார்வாடி ஹோட்டல்ங்க உண்டு, அவசரத்துக்கு கை குடுக்கும். கோஹிமா மார்க்கெட்டுக்குள்ள போனீங்கனா புழு, நத்தை, தவளை, குளவிக்கூடு எல்லாம் உயிரோட விப்பாங்க, மூக்கப் பொத்திட்டு "ஐயே"னு வீடியோ எடுக்குற கூட்டத்துல நீங்க சேராதீங்க, அவங்க சாப்பாடு அவங்களுக்கு.

கோஹிமாவுல போயே ஆக வேண்டியது

போர்க் கல்லறை. டவுன் நடுவுலயே இருக்கு, அரை நாள் ஒதுக்குங்க. 1944 ஏப்ரல்ல பர்மா வழியா வந்த ஜப்பான் படைக்கும் பிரிட்டிஷ் இந்தியப் படைக்கும் இந்த மலை மேட்டுலதான் சண்டை, ஜூன் வரைக்கும் இழுத்துச்சு. டெபுடி கமிஷனர் பங்களாவோட டென்னிஸ் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு படை, இந்தப் பக்கம் ஒரு படை, நடுவுல அந்த கோர்ட்டு அகலம்தான் எடைவெளி, கைக்குண்ட இப்படி அப்படி வீசிக்கிட்டாங்க. பங்களா போயிடுச்சு, கோர்ட்டோட கோட்ட மட்டும் வெள்ளை சிமெண்ட்ல இன்னும் வெச்சிருக்காங்க, சுத்தி கல்லறைங்க. அந்த கோட்டு மேல நின்னு எதிர்க் கோட்ட பாருங்க, எவ்ளோ கிட்டனு அப்பதான் உறைக்கும். 1,420 கல்லறை, நெறையதுல வயசு போட்டிருக்கும், பத்தொம்பது, இருபது, இருபத்திரெண்டுனு. மேல் தட்டுல ஏறிப் போனா எரிக்கப்பட்ட 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கு தனி நினைவுச் சின்னம் இருக்கு, நெறைய பேர் கீழயே செல்ஃபி எடுத்துட்டு கெளம்பிடுறாங்க, ஏறிப் போய் பேர படிங்க.

கோஹிமாவுல இருந்து 20 கிலோமீட்டர் மேற்கால கோனோமா. 1879-80ல பிரிட்டிஷ்காரன எதிர்த்து மாசக்கணக்கா தாக்குப் புடிச்ச அங்காமி கிராமம். வேட்டையையே வாழ்க்கையா வெச்சிருந்த ஊரு, 1998ல அவங்களே முடிவு பண்ணி வேட்டைய நிறுத்தி காட்டுல டிராகோபன்ங்கிற பறவைக்கு சரணாலயம் வெச்சாங்க. ஊர்க் கதவு, கல் கோட்டை, படிப்படியா வயல்னு நடந்து பாக்க ஒரு முழு நாள் வேணும். உள்ள நுழையும்போது கட்டணம் கட்டி உள்ளூர் கைடு ஒருத்தர கூட்டிக்கோங்க, அங்க ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை உண்டு, தனியா போனா வெறும் கல்லாத்தான் தெரியும். வயல் பக்கத்துல கொம்ப வெட்டி விட்ட மரங்க நெறைய இருக்கும், ஆல்டர் மரம், மண்ணுக்கு நைட்ரஜன் சத்து சேர்க்கும், மரத்த வேரோட வெட்டாம கெளைய மட்டும் கழிச்சுட்டு நடுவுல பயிர் வெக்கிறாங்க, தலைமுறை தலைமுறையா நடக்குது. கைடு கிட்ட கேட்டா நின்னு காட்டுவாரு.

ஜூக்கோ பள்ளத்தாக்க பத்தி ஒரு எச்சரிக்கை. இன்டர்நெட்ல பாக்குற பச்சைப் பசேல் மேடும் லில்லிப் பூவும் ஜூன், ஜூலைல. டிசம்பர்ல மூங்கில் புல் எல்லாம் பழுப்பா இருக்கும், காலைல பனி உறைஞ்சு வெள்ளையா கெடக்கும், அதுவும் ஒரு அழகுதான், ஆனா பூ கெடையாது. கிட்டத்தட்ட 2,450 மீட்டர் உயரம், ராத்திரி ஜீரோவுக்கு கீழ போயிடும். விஸ்வேமா வழியா போங்க, கொஞ்ச தூரம் வண்டி போகும், அப்புறம் ஒரு மணி நேரம் செங்குத்தா ஏத்தம், ஏறிட்டா மிச்சம் சமமான பாதைதான். ஜாகாமா வழி தூரம் கம்மி, முட்டி வலிக்காரங்களுக்கு ஆகாது. மேல கெஸ்ட் ஹவுஸ்ல தரைல படுக்கணும், கம்பளி வாடகைக்கு கெடைக்கும், திருவிழா நேரத்துல அதுக்கும் அடிதடி, சொந்தமா ஸ்லீப்பிங் பேக் கொண்டு போனா புத்திசாலித்தனம். அங்க தீ மூட்டாதீங்க, 2020 கடைசில புடிச்ச காட்டுத்தீ ரெண்டு வாரம் எரிஞ்சுது, அணைக்க ராணுவமும் ஹெலிகாப்டரும் வர வேண்டியதா போச்சு.

கிசாமா, விஸ்வேமா வழியா போற அதே ரோடு நேரா மணிப்பூர் தலைநகர் இம்பாலுக்கு போகுது. 2023 மே மாசத்துல ஆரம்பிச்ச கலவரத்துக்கு அப்புறம் மணிப்பூர் நெலமைய விசாரிக்காம "இவ்ளோ தூரம் வந்தாச்சு, அப்படியே எட்டிப் பாத்துட்டு போவோம்"னு கெளம்பாதீங்க.

மோன் தனியா, வேற மாசத்துல

கொன்யாக் ஊரு, லாங்வா கிராமத்துல அங்னு சொல்ற அவங்க தலைவரோட வீட்டு நடுவுல இந்தியா - மியான்மர் எல்லைக்கோடு போகுது. கேக்கவே ஆசையா இருக்கும். ஆனா கோஹிமாவுல இருந்து மலை வழியா ஒரு முழு நாள் உடம்பு அலுத்துப் போகும், அசாமுக்கு இறங்கி சோனாரி வழியா ஏறுறதுதான் சுலபம், ஜோர்ஹாட்டோ திப்ரூகரோ வந்து அங்கேர்ந்து போங்க. ஏப்ரல் முதல் வாரம் கொன்யாக்காரங்களோட ஆவோலியாங் பண்டிகை, விதைப்பு முடிஞ்சு வர்றது, அப்ப போனா கிசாமாவுல மேடைல பாத்தத ஊருக்குள்ளயே பாக்கலாம். மோன் மாவட்டத்துல ஓட்டிங்ல 2021 டிசம்பர் 4ல வேலை முடிஞ்சு வீட்டுக்குத் திரும்பிட்டிருந்த சுரங்கத் தொழிலாளிங்கள ராணுவம் சுட்டுக் கொன்ன சம்பவத்துக்கு அப்புறம் அந்த வருஷ ஹார்ன்பில்லையே பாதில நிறுத்திட்டாங்க. அந்த வலி அங்க இன்னும் ஆறல, எல்லை, ராணுவம் பத்தி நாமளா பேச்ச ஆரம்பிக்காம இருக்குறது மரியாதை, அவங்களே சொன்னா கேட்டுக்கோங்க.

டிசம்பர்ல லீவு கெடைக்காதவங்களுக்கு என் ஓட்டு நவம்பர் முதல் வாரத்துக்கு. நவம்பர் 7 லோத்தாக்காரங்களோட தோக்கு எமோங், அறுவடை முடிஞ்ச பண்டிகை, வோக்கா ஊரே ஆடிட்டு இருக்கும். அதே சமயத்துல வோக்கா மாவட்டத்து பங்தி கிராமத்துக்கும் தோயாங் அணைக்கும் அமூர் வல்லூறு லட்சக்கணக்குல வந்து இறங்கும், சைபீரியா பக்கம் இருந்து ஆப்பிரிக்கா போற வழில தங்கிட்டு போகுது. 2012 வரைக்கும் அத வலை கட்டிப் புடிச்சு ஆயிரக்கணக்குல கொன்னுட்டு இருந்தாங்க, அடுத்த வருஷமே கிராமத்து ஆளுங்க நிறுத்திட்டாங்க, இப்ப அதே ஆளுங்க காவல் கோபுரத்துல நின்னு நமக்கு காட்டுறாங்க. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா, கூட்டமும் ஹார்ன்பில்ல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது. காலைல அஞ்சு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் பாக்கணும், நடுவுல போனா வெறும் வானம்தான். அங்காமி பண்டிகையே பாக்கணும்னா பிப்ரவரி 25ல ஆரம்பிக்கிற செக்ரென்யி, ஆவோன்னா மே 1ல இருந்து 3 வரை மோவாட்சு.

இன்னும் கொஞ்சம் சில்லறை விஷயங்க

ஞாயித்துக்கிழமை ஊரே சர்ச்ல இருக்கும், கடை, ஹோட்டல், டாக்ஸி எல்லாம் படுத்துடும், சனிக்கிழமையே தண்ணி, பிஸ்கட், வண்டி எல்லாம் ஏற்பாடு பண்ணி வெச்சுக்கோங்க, திமாப்பூர் திரும்புறத ஞாயித்துக்கிழமை வெக்காதீங்க. ஹிந்தி தெரியலையேனு கவலைப்பட வேணாம், ஆங்கிலம்தான் அங்க ஆட்சி மொழி, நாகாமீஸ் ரோட்ல பேசுறது, நம்மள மாதிரி தட்டுத்தடுமாறுற ஹிந்திக்கு அங்க யாரும் சிரிக்க மாட்டாங்க. யுபிஐ டவுன்ல ஓடும், கிசாமாவுல கூட்ட நேரத்துல நெட்வொர்க் படுத்துடும், திமாப்பூர்லயே பணம் எடுத்துட்டு ஏறுங்க, சில்லறையா.

சால்வை வாங்காம வர மாட்டீங்க, தெரியும். ஆனா எல்லா சால்வையும் எல்லாரும் போடுறது இல்ல. ஆவோக்காரங்களோட சுங்கோதெப்சு, கறுப்பு சிவப்புல நடுவுல வெள்ளை பட்டைல யானை, புலி, மிதுன்ங்கிற அந்த ஊர் மலைமாடு, மனுஷத் தலை எல்லாம் வரைஞ்சிருக்கும், அது அந்தக் காலத்துல தலை கொண்டு வந்த வீரனோ மிதுன் பலி குடுத்து ஊருக்கே விருந்து வெச்சவனோ மட்டும் போட்டது. வாங்குறதுக்கு முன்னாடி "இத நான் போட்டா தப்பில்லையே, பொண்ணுங்க போடலாமா"னு கடைக்கார அக்கா கிட்ட கேட்டுடுங்க, கேட்டா சந்தோஷப்படுவாங்க, உங்களுக்கு எது சரினு அவங்களே எடுத்து குடுப்பாங்க. கைத்தறினா கனமா இருக்கும், விலையும் ஆயிரக்கணக்குல, நானூறு ரூபாய்க்கு குடுத்தா அது மில்லுல வந்தது. இருவாச்சி இறகு, அலகு, பன்னிக் கொம்பு எதையும் ஞாபகார்த்தம்னு வாங்காதீங்க, வனவிலங்கு சட்டத்துல புடிச்சா ஏர்போர்ட்லயே உக்கார வெச்சுடுவாங்க. காஞ்ச ராஜா மிர்ச்சா ஒரு பாக்கெட் போதும் வருஷத்துக்கு, வெறுங்கையால தொட்டுட்டு கண்ண கசக்காதீங்க. அக்குனி வாங்குனா மூணு கவர் போடுங்க, ஃப்ளைட்னா பெரிய பைல செக்-இன் பண்ணிடுங்க, ரயில்ல சீட்டு பக்கத்துல வெச்சா மூணு நாளும் பக்கத்து சீட்டுக்காரரு உங்ககிட்ட பேச மாட்டாரு.